மூணு நாட்டுச் சாப்பாடு

இந்தப் பையை இங்கன வச்சுக்கிடட்டுமா? நன்றி. ஒங்க பெர்த்து மேலயா? பரவால்ல, கீழயே உக்காருங்க. எனக்கு இப்பப் படுக்க வேண்டாம். திருநெல்வேலிக்கா? அப்ப நம்ம பக்கம்தான். நான் கோவில்பட்டி. அண்ணாச்சின்னே கூப்பிடுதேன், சாரு கீருன்னு எனக்கு வாயில வராது.

ஆமா, ஒத்தையிலதான் போறேன். வரும்போது ரெண்டு பேரு. வீட்டுக்காரி மக வீட்டுல நிக்கா. சண்டை கிண்டைன்னு நெனச்சிராதீங்க. ‘வீட்ல சோலி கிடக்கு’ன்னு நானாத்தான் கிளம்பிட்டேன். என்ன சோலின்னு மட்டும் கேக்காதீங்க.

சொல்லுதேன். யார்கிட்டயாவது சொல்லாட்டா எனக்கு இன்னைக்கு உறக்கம் வராது.

நான் மின்சார வாரியத்துல இருந்து ரிட்டயர்டு ஆனவன். கடைசி பதினோரு வருசம் பறக்கும் படை. கரண்டு திருடுதவனைப் பிடிக்கிற சோலி. ஒரு வீட்டுக்குப் போனேன் பாத்துக்கிடுங்க, குடிக்கத் தண்ணி கேட்டேன். அந்தம்மா செம்புல கொண்டாந்து குடுத்தாங்க. பல்லு கூசுது. பிரிட்ஜ் தண்ணி. வெளிய வந்து மீட்டரைப் பாக்கேன், அசையாம நிக்குது. அப்ப பிரிட்ஜ் எதுல ஓடுது? அம்புட்டுத்தான், அரை மணி நேரத்துல கொக்கி போட்ட இடத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். எதுக்குச் சொல்லுதேன்னா, இந்தச் சங்கரபாண்டியன் சும்மா சந்தேகப்படுத ஆளு இல்ல. காரணம் இருந்தாத்தான் படுவேன்.

எனக்கு ஒரே மக. நிவேதா. இருபத்தொம்பது வயசு. சட்டை தச்சு வெளிநாட்டுக்கு அனுப்புத கம்பெனி ஒண்ணுல, பெங்களூர்ல வேலை. தையல் நேரா ஓடியிருக்கா, பட்டன் இறுக்கமா இருக்கான்னு பாக்கிற அதிகாரி. கல்யாணம் இன்னும் கூடி வரல. எந்த வரனைச் சொன்னாலும் ‘பாப்போம்ப்பா’ங்கா. பாப்போம்னா என்ன அர்த்தம்? எங்கயோ பாத்து வச்சிருக்கான்னுதானே அர்த்தம்?

போன வாரம் போன் பண்ணுதா. ‘யப்பா, மூணு நாள் லீவு வருது. நீங்களும் அம்மாவும் வாங்க. புதுசு புதுசா சாப்பிடலாம்’ங்கா. அங்கனதான் எனக்கு முதல்ல இடிச்சிது. பெத்தவங்களை ஊருக்குக் கூப்பிடுத பிள்ளை கோயில் காட்டுதேன், பூங்கா காட்டுதேன்னு கூப்பிடும். சாப்பாடு காட்டுதேன்னு யாராவது கூப்பிடுவாங்களா?

அடுத்தது என் வீட்டுக்காரி. பேரு உலகம்மா. எங்க போனாலும் இட்லிப் பொடி டப்பாவை முதல்ல எடுத்து வைக்கிறவ. இந்தத் தடவை எடுக்கல. ‘ஏளா, பொடி எங்க?’ன்னேன். ‘அங்கன எல்லாம் கிடைக்கும்ங்க’ன்னா. சத்தம் போடாம நானே எடுத்து என் பையில வச்சுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் சாப்பாடு. லெபனான்னு ஒரு நாடாம், அரபுக்காரங்க ஊரு. மெத்தை போட்ட நாற்காலி, கலர் கலரா கண்ணாடி விளக்கு. கொண்டக்கடலையை அவிச்சு, மையா அரைச்சு, நடுவுல குழி பறிச்சு எண்ணெய் ஊத்தி வச்சிருக்கான். தொட்டுக்கிட ரொட்டி, பலூன் மாதிரி உப்பி இருக்கு. நான் ஒண்ணை எடுத்துப் பிச்சு மோந்து பாத்தேன். நிவேதா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. ஏன் பாக்கணும்? திங்கிறவன் தின்னுட்டுப் போறான்.

அப்பத்தான் ஒருத்தன் வாறான். தாடி, நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. ‘நிவேதா மேடம், எல்லாம் சரியா இருக்கா?’ங்கான்.

‘ஏட்டி, இவன் யாரு?’ன்னேன்.

‘ஓட்டல் ஆளுப்பா.’

‘உன் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?’

‘டேபிள் பிடிச்சு வைக்கும்போது பேரு குடுத்தேன்பா.’

பதிலு எவ்வளவு தயாரா இருக்கு பாத்தியளா? திருடுதவன் எல்லாவனும் இப்படித்தான், கேட்ட உடனே பதில் வச்சிருப்பான். உண்மையைச் சொல்லுதவன் கொஞ்சம் யோசிப்பான். நான் பையில இருந்து பொடி டப்பாவை எடுத்தேன், ரொட்டியில தூவி அரை ரொட்டி தின்னேன். பக்கத்து மேசையில ஒரு குடும்பம் திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும். உலகம்மா மூணு ரொட்டி தின்னா அண்ணாச்சி. அந்தக் கடலைத் துவையலை வழிச்சு வழிச்சு. ‘இதுல எள்ளு அரைச்சு ஊத்திருக்காங்க நிவி, பூண்டு பச்சையாப் போட்டிருக்காங்க’ன்னு ஆராய்ச்சி வேற. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மாப்பிள்ளை அரபு நாட்டுல இருக்கான். நம்ம நாக்கைப் பழக்கிட்டு அப்புறமா விசயத்தைச் சொல்லப் போறா.

மறுநாள் போட்டா பாருங்க ஒரு திருப்பம். கொரியாச் சாப்பாடு.

அரபுக்காரன் எதுக்கு நம்மளைக் கொரியாக்காரன் கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதான்? நேத்து நெனச்சது தப்பு, கொரியாக்காரன்தான் மாப்பிள்ளைன்னு மனசுல திருத்திக்கிட்டேன். மேசை மேல சின்னச் சின்னக் கிண்ணமா கொண்டாந்து அடுக்குதாங்க, நம்ம பந்தியில தொட்டுக்கிட வெஞ்சனம் வைக்கிற மாதிரி. செக்கச்செவேல்னு ஊற வச்ச முட்டைக்கோஸு ஒண்ணு, புளிச்ச வாடை. பரிமாறுத பொண்ணு அந்தக் கிண்ணத்தை வைக்கும் முன்னாடியே உலகம்மா சொல்லுதா, ‘கிம்ச்சி’ங்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவளுக்கு எப்படித் தெரியும்?

அது மட்டுமா? ரெண்டு குச்சி குடுத்தான், இரும்புக் குச்சி. நிவேதா கூட கரண்டி கேட்டு வாங்கிக்கிட்டா. உலகம்மா அந்தக் குச்சியை விரல் நடுவுல வச்சு, ஒரு நிலக்கடலையை, ஒத்தைக் கடலையை அண்ணாச்சி, அலுங்காம எடுத்து வாயில போட்டா.

‘ஏளா, இது எங்க படிச்சே?’

‘மத்தியானம் நீங்க உறங்கும்போது கொரியா சீரியல் பாப்பேன்ல, தமிழ்ல பேசுதது. அதுல எல்லாரும் இப்படித்தான் தின்னுவாங்க. ஈர்க்குச்சி ரெண்டு எடுத்து வச்சு நானும் எடுத்து எடுத்துப் பாப்பேன்’ங்கா. சொல்லிட்டுச் சிரிக்கா, பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால பரிசு வாங்கின மாதிரி.

முப்பத்திரண்டு வருசம் ஒரே வீட்டுல இருக்கேன். ரிட்டயர்டு ஆகி நாலு வருசமா நாள் பூரா வீட்டுலதான் கிடக்கேன். எனக்குத் தெரியாம என் வீட்டுல ஒருத்தி ஈர்க்குச்சியில கடலை எடுத்துப் பழகிருக்கா. இதை எப்படி எடுத்துக்கிட? சின்ன விசயம்தான்னு சொல்லுவிய. சின்ன விசயத்தை மறைக்கிறவங்கதான் பெரிசையும் மறைப்பாங்க. என் சர்வீஸ்ல பாத்தது.

அந்த நேரம் பாத்து ஒரு சட்டியில ஆவி பறக்க ரசம் மாதிரி ஒண்ணு வருது. உள்ள கறி கிடக்கு. ‘என்ன கறி?’ன்னேன். ‘கோழிப்பா’ங்கா நிவேதா. கோழின்னா எலும்பு ஏன் அப்படி இருக்கு? எந்திரிச்சேன். நேரா சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன்.

உள்ள நாலஞ்சு பேரு. மணிப்பூர்ப் பக்கத்து ஆளுங்க போல. என் நடையைப் பாத்து எவனோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கான்னு நெனச்சிட்டாங்க. அடுப்பை எல்லாம் அணைச்சிட்டு வரிசையா நிக்காங்க. ஒரு வயசான சமையக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டுது. நான் ஒவ்வொரு மூடியாத் திறந்து பாத்தேன். கோழிதான். முழுக் கோழிக்குள்ள அரிசியை வச்சுத் தச்சு வேக வச்சிருக்கான். அதை முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?

மேனேஜர் ஓடி வந்து என்னமோ கேக்கான். அதுக்குள்ள நிவேதா வந்து இங்கிலீசுலயும் இந்தியிலயும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டா. அந்தச் சமையக்காரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. இவ கண்ணு கலங்கி நிக்கு. நான் அதைக் குறிச்சு வச்சுக்கிட்டேன். ஓட்டல்ல யாரோ ஒரு பொம்பளை, அவளுக்காக எவளாவது கண்ணு கலங்குவாளா? அந்தம்மாதான் மாப்பிள்ளைக்குச் சொந்தமா இருக்கணும்.

என்ன சிரிக்கிய? அன்னைக்கு நீங்க அங்கன இருந்திருந்தா அப்படித்தான் நெனச்சிருப்பிய.

சாயந்தரம் மக வீட்டுல. நான் முன்ரூம்ல பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள ஆத்தாளும் மகளும் பேசுதாங்க. பேப்பர்ல கண்ணு, சமையக்கட்டுல காது.

‘இன்னைக்கும் கேக்கலியா நிவி?’

‘எப்படிம்மா கேக்க? நீயும் பாத்தேல்ல.’

கொஞ்ச நேரம் தண்ணிச் சத்தம். அப்புறம் உலகம்மா குரலு. ‘நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நானே சொல்லுதேன்.’

போதும்லா? கையும் களவுமா பிடிச்ச மாதிரிதான். நான் மனசுக்குள்ள எல்லாம் தயார் பண்ணிட்டேன். சம்மதிக்க மாட்டேன். ஆனா கத்தவும் மாட்டேன். ‘பையன் என்ன படிச்சிருக்கான், அப்பா அம்மா என்ன பண்ணுதாங்க, நம்ம ஊருக்கு வந்தா தரையில உக்காருவானா?’ இப்படி வரிசையாக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போன இடம் எத்தியோப்பியா நாட்டுச் சாப்பாடு.

எனக்கு ஒண்ணுமே ஓடல. அரபு போச்சு, கொரியா போச்சு, இப்ப ஆப்பிரிக்கா. எத்தனை மாப்பிள்ளைதான் வச்சிருக்கா இவ?

சின்னக் கடைதான். ஒரு வீட்டோட முன்பக்கத்தைக் கடையாக்கியிருக்காங்க. நடத்துதது அந்த நாட்டு அம்மா ஒருத்தங்க. நெடுநெடுன்னு உயரம், வெள்ளைச் சீலை மாதிரி ஒண்ணைத் தோளைச் சுத்திப் போர்த்திருக்காங்க. முகம் எங்க கடம்பூர்ச் சின்னம்மா சாயல் அப்படியே. உலகம்மா கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. இவளும் விடல. பாஷை தெரியாத ரெண்டு பேரு அப்படி என்னத்தைப் பேசிக்கிடுவாங்க?

சாப்பாடு வந்துது. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தோசை, அண்ணாச்சி. ஒரு பக்கம் மட்டும் வேக வச்சது. மேல பூரா கண்ணு கண்ணா ஓட்டை, நம்ம ஆப்பம் மாதிரி. மாவை நாலு நாள் புளிக்க வைப்பாங்களாம். அந்தத் தோசை மேலயே பருப்பு ஒரு குவியல், கீரை ஒரு குவியல், முட்டைக்கோஸு, செவப்பா கோழிக் குழம்பு. தட்டு கிடையாது, இலை கிடையாது, கரண்டி கிடையாது. மூணு பேருக்கும் அந்த ஒத்தைத் தோசைதான். சுத்தி உக்காந்து பிச்சுப் பிச்சுத் திங்கணும்.

நான் கையை எடுத்துட்டேன். எச்சில் இல்லியா? எங்க வீட்டுல ஒரே தட்டுல ரெண்டு பேரு சாப்பிட்ட வழக்கமே இல்ல. நான் முதல்ல சாப்பிடுவேன். அவ அப்புறம் சாப்பிடுவா. அவ என்ன வச்சுச் சாப்பிடுதா, எம்புட்டுச் சாப்பிடுதான்னு நான் உக்காந்து பாத்ததே இல்ல, உள்ளதைச் சொல்லுதேன்.

அந்தக் கடைக்கார அம்மா என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க. நிவேதா சொன்னா, ‘அவங்க ஊருல பிரியமானவங்களுக்கு ஒரு வாய் உருட்டி ஊட்டி விடுவாங்களாம்பா. எவ்வளவு பெருசா உருட்டுதோமோ அவ்வளவு பிரியமாம்.’

நான் சிரிக்கக் கூட இல்ல. உலகம்மா ஒரு துண்டு தோசையைப் பிச்சா. பருப்பை வச்சா, கீரையை வச்சா, குழம்புல ஒரு தோய் தோய்ச்சு உருட்டுனா. எலுமிச்சம்பழம் தண்டி இருக்கும். நேரா என் வாய்க்குக் கொண்டாந்துட்டா.

‘ஏளா, என்ன இது? நாலு பேரு பாக்காங்க.’

‘வாயத் திறங்க.’

கல்யாணத்தன்னைக்கு வாழைப்பழம் ஊட்டுனது. அதுக்கப்புறம் இப்பத்தான். அதுவும் உத்தரவு மாதிரி சொல்லுதா. என்னன்னு தெரியல, திறந்துட்டேன்.

வாய் நிறைஞ்சு கன்னம் உப்பி நான் உக்காந்திருக்கும்போது சொல்லுதா, ‘நிவியைக் கம்பெனியில இந்த நாட்டுக்கு அனுப்புதாங்க. அங்கன புதுசா தையல் பாக்டரி ஆரம்பிச்சிருக்காங்களாம். ரெண்டு வருசம். பிள்ளை ஒத்தையிலயா போகும்? நானும் கூடப் போறேன்.’

போகட்டுமான்னு கேக்கல. போறேன்னா. வாய் நிறையச் சாப்பாடு, நான் என்னத்தைப் பேச?

முழுங்கினேன். தண்ணி குடிச்சேன். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘அப்ப மாப்பிள்ளை யாரு?’

‘எந்த மாப்பிள்ளை?’ன்னு ரெண்டு பேரும் ஒண்ணு போலக் கேட்டாங்க. அப்படியே பாத்தாங்க என்னை. நிவேதாவுக்கு முதல்ல சிரிப்பு வந்துது, அப்புறம் வரல.

எனக்குக் கோவம் வந்துட்டு. மாப்பிள்ளை இல்லன்னதுக்கு நிம்மதி வரணும்லா? வரல, கோவம்தான் வந்துது. ‘ஆத்தாளும் மகளும் பேசி முடிச்சாச்சு. நான் ஒருத்தன் எதுக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் வந்திருக்க மாட்டேனா?’ன்னேன்.

நிவேதா கையைத் துடைச்சுட்டு மெதுவாச் சொன்னா. ‘கேக்கத்தாம்பா கூப்பிட்டேன். கம்பெனியில ரெண்டு ரூம் வீடு தாறாங்க. அப்பா, அம்மா, நான், மூணு பேருக்கும் எழுதிக் குடுத்திருக்கேன். நேரா இந்தச் சாப்பாட்டைக் காட்டினா பயந்துருவீங்கன்னுதான் கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாம்னு நெனச்சேன். முதல் நாளு கேக்க வந்தேன். நீங்க ரொட்டியை மோந்து பாத்து, பொடி டப்பாவை எடுத்தீங்க. நேத்துக் கேக்க வந்தேன். நீங்க எந்திரிச்சு சமையக்கட்டுக்குள்ள போயிட்டீங்க.’

நான் மூணு நாளா அவளை வேவு பாத்துக்கிட்டு இருக்கேன். அவ மூணு நாளா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

‘நேத்து ராத்திரி நான்தான் வேண்டாம்னுட்டேன்’னா உலகம்மா. ‘ஒங்களை இழுத்துட்டுப் போயி அங்கன கஷ்டப்படுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாப்பா மதினிகிட்ட ஒங்களுக்கு மூணு வேளைச் சாப்பாட்டுக்கும் சொல்லிட்டேங்க. நல்லாக் குழைய வேக வச்சுத் தருவாங்க.’ இதைச் சொல்லும்போது அவ குரல்ல கோவம் இல்ல அண்ணாச்சி. இருந்திருந்தா திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். சமையலுக்கு அரிசி களையும்போது பேசுவாளே, அந்தக் குரலு.

‘எனக்கு யாரும் சொல்லிவைக்க வேண்டாம்’னு எந்திரிச்சிட்டேன். அந்தக் கடைக்கார அம்மா பதறிப் போயி என்னமோ கேட்டாங்க, சாப்பாடு சரியில்லையோன்னு நெனச்சுட்டாங்க போல. நான் வெளிய வந்து நின்னேன். உள்ள பாத்தா, ரெண்டு பேரும் உக்காந்து மிச்சத்தைச் சாப்பிடுதாங்க. எனக்காக எந்திரிச்சு வருவாங்கன்னு பாத்தேன். வரல. சாப்பாட்டை வீணாக்கக்கூடாதுன்னு உக்காந்திருப்பாங்க. அப்படித்தான் இருக்கும்.

நாளை மறுநாள் நானும் உலகம்மாவுமாத்தான் ஊருக்குத் திரும்புததா இருந்துது. நான் என் டிக்கெட்டை மட்டும் இன்னைக்குன்னு மாத்திட்டேன். அவ இருந்து மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கிடணுமாம். அந்த நாட்டுக்குப் போயிட்டு வரணும்னா அது போடணுமாம். வெள்ளிக்கிழமை. மூணு பேருக்கும் பேரு குடுத்து வச்சிருக்காளாம் நிவேதா. ‘ஒங்க பேரு அப்படியே இருக்கட்டும்பா, வியாழக்கிழமை வரைக்கும் எடுக்க மாட்டேன்’ங்கா. நான் பையில துணியை அடுக்க ஆரம்பிச்சேன்.

ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. உலகம்மா தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா, மாத்திரையை எந்த நேரத்துக்கு எதுன்னு இன்னொரு தடவை சொன்னா. அழுவான்னு நெனச்சேன். அழல. சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, வண்டி கிளம்புத நேரம் குனிஞ்சு கேட்டா.

‘ஒண்ணு கேக்கேன், கோவப்படாம சொல்லுங்க. நேத்து நான் ஊட்டுனேனே, அது நெசமாவே பிடிக்கலியா ஒங்களுக்கு?’

‘பிடிக்கல’ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டா. வண்டி நகந்துட்டு.

அது பொய் அண்ணாச்சி.

அந்த ஒரு வாய் இருக்கே, நாக்குல வச்சதும் ஒரு புளிப்பு, அது அடங்கும்போது பருப்பு வருது, அப்புறமா காரம் மெதுவா ஏறுது. நல்லா இருந்துது. ரொம்ப நல்லா இருந்துது. இன்னொரு வாய் உருட்டுவான்னு அவ கையைப் பாத்தேன். அதுக்குள்ளதான் அந்தப் பேச்சு வந்துட்டு, மாப்பிள்ளை யாருன்னு நான் கேட்டுட்டேன், எந்திரிச்சும் வந்துட்டேன். ‘நல்லாருக்கு, இன்னொண்ணு குடு’ன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? ஆனா எப்படிச் சொல்ல? மூணு நாளா குத்தம் சொல்லிட்டு, அந்த இடத்துல போயி எப்படிச் சொல்ல?

போன்ல சொல்லலாம்தான். ஓசூர் தாண்டட்டும்னு பாக்கேன். இன்னைக்குத் திங்கள்கிழமைதானே, வியாழனுக்கு இன்னும் நாள் கிடக்கு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ஸ்டேஷன்ல பிடிக்கலன்னு சொன்ன மனுசன், ஒரு மணி நேரத்துல போன் போட்டு, ‘பிடிச்சிருக்கு, எனக்கும் ஊசிக்குப் பேரு இருக்கட்டும்’னு சொன்னா அவ என்ன நெனப்பா? இவரு எதுக்கு இப்படித் திடீர்னு மாறுதாரு, இதுக்குப் பின்னால என்னமோ இருக்குன்னு சந்தேகப்பட மாட்டாளா?

நானா இருந்தா படுவேன்.